பழங்கப்பல் வாங்கிய வக்கீல்

சிப்பியைத் திறந்து பார்த்து விலை பேசுவதில்லை. எங்கள் கடற்கரையில் வழிவழியாக வந்த வணிக முறை அது. 1955-ஆம் ஆண்டு தொடங்கி 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது என் தாத்தா சிறுவர். குளியாட்கள் மூழ்கி எடுத்து வந்த சிப்பிகளைக் கரையில் எண்ணிப் பிரிப்பார்களாம். குளித்தவனுக்கு ஒரு பங்கு; அரசுக்கு இரண்டு பங்கு. அரசின் பங்கு ஆயிரம், ஆயிரமாக ஏலத்துக்கு வரும். வாயை இறுக மூடிக் கிடக்கும் சிப்பிக் குவியலைச் சுற்றி நின்று வியாபாரிகள் விலை கேட்பார்கள். உள்ளே முத்து இருக்கலாம். வெறும் சதையாகவும் இருக்கலாம். பணம் கட்டிய பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். வாங்கியவர்களில் மாடி வீடு கட்டியவர்களும் உண்டு, வீட்டை விற்றவர்களும் உண்டு என்று தாத்தா சொல்லுவார்.

பழைய கலம் வாங்குவதும் ஏறக்குறைய இதே கதைதான். இருபது ஆண்டுகளாகப் பிறர் படகில் பங்குக்குப் போய்வந்த என் தந்தையார், சென்ற ஆண்டு ஒரு பழைய மர விசைப்படகை நண்பர் ஒருவருடன் சேர்ந்து வாங்க விரும்பினார். என் தாயார் ஒப்பவில்லை. தமக்கையின் திருமணத்துக்கென்று வைத்திருந்த நகைகள் அடகுக்குப் போகுமே என்பது அவர் அச்சம். வணிகவியல் படிக்கிறவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது. படகு தேறுமா தேறாதா என்று கணக்குப் போட்டுச் சொல்லுமாறு இருவருமே என்னைக் கேட்டுக் கொண்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால், இதே ஊரில், இதே கடலுக்காக, இதைவிடப் பன்மடங்கு பெரிய பழங்கலங்களை வாங்கிய ஒருவரின் நினைவு வந்தது. அவர் வாழ்க்கையைக் கணக்குப் பிள்ளையின் கண்ணோடு மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அப்படிப் படித்ததில் எனக்குப் புலப்பட்டதையே இங்கு எழுதுகிறேன்.

அவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழர் என்று அவரைப் போற்றாத மேடையில்லை. ஆனால் கப்பல் ஓட்டுவதற்கு முன்னால் கப்பல் வாங்க வேண்டும் என்பதை நாம் நினைப்பதில்லை. எந்தக் கப்பலை, எந்த நிலையில், யாருடைய பணத்தில், எந்த இடரை ஏற்றுக்கொண்டு அவர் வாங்கினார் என்பதே என் கேள்வி.

வக்கீலும் துறைமுகமும்

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வ.உ.சி. தந்தையார் வக்கீல். மகனும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்து, பின்னர் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, வக்கீல் தேர்வில் தேறி, 1895-இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி பெறாமலே நடத்தினார். காவல் துறையினரோடு மோதவும் அவர் தயங்கவில்லை. இதனால் ஏற்பட்ட தொல்லைகளை எண்ணித் தந்தையார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அது 1900-ஆம் ஆண்டு.

அன்றைய தூத்துக்குடி இன்றைய தூத்துக்குடி அன்று. இன்று பெருங்கப்பல்கள் நேரே வந்து அணையும் ஆழ்கடல் துறைமுகம் 1974-இல்தான் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கரையோரக் கடலில் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தோணிகளில் போய் ஏற வேண்டும். சென்னையிலிருந்து ரெயிலில் வந்தவர்கள் தூத்துக்குடியில் இறங்கி, ஓர் இரவுப் பயணத்தில் கொழும்பு சேருவார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலியாட்கள், வணிகர்கள், அரிசி, பஞ்சு, வெங்காயம், கருவாடு எல்லாவற்றுக்கும் இதுவே வழி. இந்த வழி முழுவதும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதற்கு இருந்தன. தூத்துக்குடியில் அதன் ஏஜென்டுகள் ஏ. அண்டு எப். ஹார்வி நிறுவனத்தார், கோரல் நூற்பாலையும் அவர்களுடையதே.

கடல் எங்களுடையது, கரை எங்களுடையது, தோணி வலிப்பவன் எங்களவன். கட்டணம் மட்டும் வேறொருவர் விதிப்பது. அதைத் தினந்தோறும் கண்டவர் வ.உ.சி. வங்கப் பிரிவினையை ஒட்டி 1905-இல் எழுந்த சுதேசி இயக்கம் அவரை ஆட்கொண்டபோது, அன்னியத் துணியைக் கொளுத்துவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டக சாலை ஆகியவற்றை நிறுவினார். அடுத்ததாக அவர் கண் கடலின் மேல் விழுந்தது.

வாடகைக் கப்பல் தந்த பாடம்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர் என்ற பெயரில் எல்லா வேலையையும் செய்தவர். சட்ட ஆலோசகர்களில் சேலம் விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே மனிதர் துணிந்து தந்தார் என்பது இன்று எண்ணினாலும் வியப்பைத் தருகிறது. மற்றவை சிறுகச் சிறுகச் சேர்ந்தவை. இருபத்தைந்து ரூபாய் என்பது அக்காலத்தில் ஓர் ஆசிரியரோ குமாஸ்தாவோ பல நாள் மிச்சம் பிடித்துச் சேர்க்கக் கூடிய தொகை.

கம்பெனி இருந்தது; கப்பல் இல்லை. முதலில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். இதில் இடர் குறைவு என்றே யாரும் எண்ணுவர். கப்பலின் தேய்மானம், பழுது, இன்ஷூரன்ஸ் எல்லாம் உடையவன் தலையில். வாடகையைக் கொடுத்தால் போதும். எங்கள் பாடப் புத்தகமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் வெள்ளைக் கம்பெனி அந்த உடையவரை நெருக்கியது. வாடகைக்குக் கொடுத்த கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. பயணச்சீட்டு வாங்கிக் காத்திருந்த மக்களின் முன் சுதேசிக் கம்பெனி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. வ.உ.சி. உடனே இலங்கைக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பேசி நிலைமையைச் சமாளித்தார். எனினும் பாடம் தெளிவாகிவிட்டது. பிறர் கப்பலை நம்பினால் பிறர் தயவில்தான் பயணம். இடர் குறைவென்று எண்ணிய வழியிலேயே பேரிடர் ஒளிந்திருந்தது.

பழையதை ஏன் வாங்கினார்?

சொந்தக் கப்பல் வேண்டும் என்று முடிவாயிற்று. புதிதாகக் கட்டச் சொல்லி வாங்கலாமே எனலாம். ஐரோப்பியக் கப்பல் பட்டறையில் ஒரு நீராவிக் கப்பலை வரைந்து, கட்டி, கடலில் இறக்கி, சோதித்து, இந்தியாவுக்கு ஓட்டிவர நெடுங்காலம் பிடிக்கும். பணமும் முன்கூட்டியே வேண்டும். அதுவரை அலுவலகத்தில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பங்குதாரர் நம்பிக்கை என்னாவது? எதிரி அதைத்தானே விரும்புவான்?

பணம் திரட்டவும் கப்பல் தேடவும் வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மூத்த மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான்; மனைவி மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார். அந்த நிலையில் போக வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தும் இறைவன் பார்த்துக்கொள்வான் என்று கிளம்பிவிட்டாராம். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் அங்கேயே கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சூள் உரைத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைப் பள்ளியில் படித்தபோது வீரமாகத் தோன்றியது. சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, மீனாட்சி அம்மாளைப் பற்றியே நினைப்பு வருகிறது. கப்பல் வாங்கப் போகும் கணவனை அனுப்பிவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையோடு இருந்த அந்த அம்மையாரின் பங்கு எந்தப் பங்குப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

திலகர் முதலிய தலைவர்களின் ஆதரவு வடக்கே கிடைத்தது. பங்குகள் விற்பனையாயின. 1907-ஆம் ஆண்டு மே மாதம் எஸ்.எஸ். காலியா தூத்துக்குடிக்கு வந்தது. எஸ்.எஸ். லாவோ என்ற கப்பலும் தொடர்ந்து வந்து சேர்ந்தது. கம்பெனி பதிவாகி ஏழு மாதங்களுக்குள் முதற் கப்பல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இக்கப்பல்களின் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். காலியா என்பது பிரான்சு நாட்டுக்குப் பண்டை ரோமானியர் வழங்கிய பெயர். லாவோ என்பது ஜாவாத் தீவில் உள்ள ஒரு மலையின் பெயர். டச்சுக்காரர் எழுதும் முறையில் எழுதப்பட்டது. தூத்துக்குடிக்காரர் தம் தலைமகவுக்குச் சூட்டும் பெயர்களா இவை? பிறர் கட்டி, பிறர் பெயரிட்டு, பிறர் கடலில் ஓட்டிய கலங்கள் என்பதை அந்தப் பெயர்களே காட்டிக் கொடுக்கின்றன. படகு வாங்கி முன்பக்கத்துப் பழைய பெயரை மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் எங்கள் கரையிலும் உண்டு. வண்ணம் பூசப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். நாளைக்கே தொழிலுக்குப் போக வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

பழைய நீராவிக் கப்பலில் என்னென்ன இடர்கள் உண்டு என்பதை இயந்திரம் அறிந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொதிகலனில் உப்பு படிந்து தகடு மெலியும். அடிப்பகுதி இரும்பு துருவேறும். அதைப் பார்க்கக் கப்பலை உலர்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். தேய்ந்த இயந்திரம் அதே தூரத்துக்கு அதிக நிலக்கரியைத் தின்னும். ஆகவே வாங்கும்போது மிச்சப்பட்ட பணம் ஓட்டும்போது கொஞ்சங் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகும். கப்பல் ஒரு நாள் நின்றாலும் மாலுமிகளுக்குச் சம்பளம் நிற்காது. உதிரி உறுப்பு உடைந்தால் அதைச் செய்யும் பட்டறை தூத்துக்குடித் தெருவில் இல்லை. வக்கீலாகிய வ.உ.சி. இயந்திர நூல் படித்தவர் அல்லர். ஆயினும் ஒப்பந்தம் படித்தவர். விற்பவன் சொல்லாமல் விடுவதைக் கேட்கத் தெரிந்தவர். இருக்கும் இடர்களுள் எது கம்பெனியைக் கொல்லும், எது காயப்படுத்தும் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய கொதிகலன் காயப்படுத்தும். கப்பலே இல்லாமை கொன்றுவிடும்.

ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். அந்த 1,300 என்ற எண்ணைப் பாருங்கள். இலங்கைக்குப் பிழைக்கப் போகும் எளிய மக்களை நம்பியே இந்த வணிகம் நின்றது. காலியா வந்த நாளில் ஊர் முழுவதும் கடற்கரையில் திரண்டது. கப்பலின் வயதை யாரும் கேட்கவில்லை. அது நம்முடையது என்பதே போதுமானதாக இருந்தது.

பழுது வந்த இடம்

வாங்கிய கலத்தில் பழுது எங்கே வரும் என்று எதிர்பார்க்கிறோமோ, அங்கே வருவதில்லை. சுதேசிக் கம்பெனியை வீழ்த்தியது கொதிகலன் அன்று, கட்டணம்.

வெள்ளைக் கம்பெனி கொழும்புப் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. பின்னர் வெள்ளைக் கம்பெனி கட்டணமே வேண்டாம், வருகிறவர்களுக்குக் குடையும் இலவசம் என்றதாகச் சொல்லப்படுகிறது. நூறு கப்பல் உடையவன் ஒரு வழியில் நட்டப்பட்டு மற்ற வழிகளில் ஈடு செய்துகொள்ளலாம். இரண்டு கப்பல் உடையவன் எங்கே போவான்? வ.உ.சி.யைப் பணம் கொடுத்து விலகச் செய்யவும் முயன்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அரசு அலுவலர்களும் சுதேசிக் கப்பலில் செல்வோருக்குப் பலவகையில் இடையூறு விளைத்தனர்.

இத்தனைக்கும் நடுவே அவர் தம்மைக் கம்பெனிக்குள் ஒடுக்கிக் கொள்ளவில்லை. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் பின்னே நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்று அது வெற்றியில் முடிந்தது. ஆலையும் ஹார்வியுடையது, எதிர்க் கப்பலின் ஏஜென்சியும் ஹார்வியுடையது என்பதை நினைத்தால், கணக்கு மட்டும் பார்க்கிற ஒருவர் இதில் தலையிட்டிருக்க மாட்டார். மார்ச் 12-இல் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை, ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதாண்டுகளாக, விதித்தார். அச்செய்தி கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப் போனார். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆயினும் கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலுமாக நாலரை ஆண்டுகள் கழிந்தன. கோயமுத்தூரில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள்.

அவர் உள்ளே போனதும் கம்பெனி தளர்ந்தது. வணிகவியல் மாணவன் என்ற முறையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பத்து லட்சம் மூலதனமும் பெருந்தலைவர்களும் இருந்தும் அக்கம்பெனி ஒரே மனிதரின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய இரும்பைவிட அதுவே பெரிய பலவீனம். அவர் இல்லாதபோது நடத்த ஆள் இல்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியாவை வாங்கியது யார்? அதே வெள்ளைக் கம்பெனிதான். எந்தக் கப்பலைக் கண்டு அஞ்சினார்களோ, அந்தக் கப்பலையே விலைக்கு வாங்கிப் போட்டியை முடித்தார்கள். சிறையில் இச்செய்தியைக் கேட்ட வ.உ.சி., எதிரிக்கு விற்றதைவிட உடைத்துக் கடலில் எறிந்திருக்கலாமே என்று நொந்தார் என்பர். சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கிய மக்கள் இழந்த பணத்தையும் நாம் மறக்கலாகாது. விடுதலைப் போரின் செலவுக் கணக்கில் அவர்களுடைய இருபத்தைந்து ரூபாய்களும் சேரும்.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். 1914-இல் பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டு, இலங்கைப் பயணிகள் தனுஷ்கோடி வழியாகச் செல்லத் தொடங்கினார்கள். வ.உ.சி. சிறை செல்லாதிருந்து, கம்பெனி தழைத்திருந்தாலும், பயணிகளின் பெருங்கூட்டம் சில ஆண்டுகளில் வேறு வழியில் திரும்பியே இருக்கும். மனிதன் தெரிந்த இடர்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, தெரியாத இடர் ஒன்று வேறொரு கரையில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது.

கடனும் கணக்கும்

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். வணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கப்பல் வாங்கியவர் அரிசிக்கும் திண்டாடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியடிகளிடம் கொடுத்த தொகை 347 ரூபாய் 12 அணா. அது கைக்கு வந்து சேர 1916 ஆயிற்று. அதற்காக இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படித்தால் கண் கலங்கும். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளைக் கம்பெனியை எதிர்த்தவர், வெள்ளைக்காரர் ஒருவர் செய்த நன்றியை மறக்கவில்லை. கோவில்பட்டியிலும் பின்னர் மீண்டும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் பார்த்தார். மெய்யறிவு, மெய்யறம் முதலிய நூல்களை எழுதினார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார்.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார். அதற்குமுன் அவர் எழுதிவைத்த உயிலில், கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய சில்லறைக் கடன்களையும் குறித்து வைத்திருக்கிறார். கப்பல் போயிற்று, கம்பெனி போயிற்று, உடல் நலம் போயிற்று. ஆனால் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு அவரிடம் போகவில்லை. அந்த உயிலைப் பற்றிப் படித்த அன்றுதான் எனக்கு விடை கிடைத்தது.

இடரை ஏற்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நான் நினைத்திருந்தேன். நட்டம் வந்தால் அதை யார் தலையில் வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதே இடரை ஏற்பது. வ.உ.சி. அதைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டார். பழங்கப்பலை வாங்கியவர் அதன் விலையை நாலரை ஆண்டுச் சிறையாலும் பின்னர் இருபத்து நான்கு ஆண்டு வறுமையாலும் தவணை தவணையாகக் கட்டி முடித்தார்.

என் பெற்றோருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். படகு பழையது என்பதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் கையிலுள்ள எல்லாவற்றையும் விலையாகவே கொடுத்துவிட வேண்டாம். மூன்று மாதப் பழுதுக்கும் டீசலுக்கும் தனியே பணம் எடுத்து வைக்க முடிந்தால் வாங்கலாம். கூட்டாளியும் அப்பாவும் ஒருவர் இல்லாதபோது மற்றவர் நடத்தப் பழகிக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் தமக்கையின் நகை அதில் சேரக் கூடாது.

படகைக் கரையேற்றி, மரக்கலம் கட்டும் ஓடாவி ஒருவரை அழைத்துவந்து, பலகை பலகையாகத் தட்டிப் பார்க்கச் சொன்னோம். இரண்டு பலகைகளை மாற்ற வேண்டும் என்றார். அதற்கும் சேர்த்து விலை பேசப்பட்டது. அம்மா தம் நகைகளில் பாதியைத் தந்தார். தமக்கைக்குரிய பாதியைத் தொடவில்லை. படகு வாங்கினோம். பழைய பெயர் அப்படியே இருக்கிறது. இரண்டாம் மாதம் எஞ்சினில் கியர் உடைந்து ஒன்பது நாள் கரையில் கிடந்தது. எடுத்து வைத்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள் விடியுமுன் படகு போயிற்று. இப்போதும் சில மாதம் மிஞ்சுகிறது, சில மாதம் இடிக்கிறது.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் நாட்களில், தொலைவில் தெரியும் துறைமுகத்தைப் பார்ப்பேன். 2011 முதல் அது வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. எத்தனையோ நாட்டுப் பெயர்களைச் சுமந்துகொண்டு கப்பல்கள் அங்கே வருகின்றன. அவற்றுள் பழையவையும் இருக்கும். வாங்கியவன் மனம் எப்படியிருந்ததோ என்று நினைத்துக்கொள்வேன். திறக்காத சிப்பிக்கு விலை சொன்னவர்களின் ஊர் இது. அந்த வரிசையில் எல்லாரினும் பெரிய விலை சொன்னவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல். சிப்பிக்குள் முத்து இருந்ததா என்பதை நாடு 1947-இல் திறந்து பார்த்தது. பார்க்க அவர் இல்லை.